வரைந்ததையும் எடுத்ததையும் சொந்த முகவரியில் வைக்க: குமரி மாவட்டக் கணினி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம்ம மாவட்டத்தில் கணினி படிக்கிற பிள்ளைகளில் பலருக்குப் பாடத்துக்கு வெளியே ஏதாவது ஒன்று இருக்கும். லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைகிறவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் கீபோர்டு வாசிக்கிறவர் உண்டு. முட்டத்துப் பாறையில் நின்று அலையைப் படம் எடுக்கிறவர், குட்டிக் கதை எழுதுகிறவர், இரவெல்லாம் சின்ன கேம் செய்கிறவர் என்று பட்டியல் போகும். இவை எல்லாம் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் ஒரு நாள் இருந்துவிட்டுக் காணாமல் போகின்றன. அவற்றைச் சொந்தப் பெயரில் ஒரு இணையதளமாக வைப்பது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கோடிங் ஒரு பிரச்சினையே இல்லை. அது நீங்கள் படிக்கிற படிப்பு. எனக்கு நேரத்தைத் தின்றதெல்லாம் அடையாள அட்டை, இனிஷியல், வங்கிக் கார்டு, படங்களின் எடை, யாருடைய அனுமதி வேண்டும் என்ற குழப்பம், இவைதான். அதனால் கட்டுரையிலும் அவற்றுக்குத்தான் அதிக இடம்.

செலவு? டொமைன் (தளத்துக்கான சொந்த முகவரிப் பெயர்) வாங்காவிட்டால் பூஜ்யம். வாங்கினால் வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். ஆவணங்கள் கையில் இருந்தால் ஒரு வாரத்தில் முடிக்கலாம். செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

1. தளத்துக்கு முன்னால் சரக்கு

எல்லாரும் முதலில் டிசைன் தேடுவார்கள். கறுப்புப் பின்னணி, நீல எழுத்து, நகரும் நட்சத்திரம் எல்லாம் தயாராகிவிடும். உள்ளே வைக்க ஒன்றும் இருக்காது. அப்படியே கிடக்கும் தளங்கள் ஏராளம். அதனால் ஒரு ஃபோல்டர் திறந்து, நீங்கள் செய்ததில் வெளியே காட்டலாம் என்று நினைப்பதைப் பத்தே பத்து எடுத்துப் போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பத்து தேறவில்லை என்றால் இன்னும் இரண்டு மாதம் வரையுங்கள், எழுதுங்கள். தளம் எங்கும் ஓடிவிடாது.

காகித ஓவியம் என்றால் ஸ்கேன்தான் நல்லது. நாகர்கோவிலில் வடசேரி, செட்டிகுளம் பக்கம் ஜெராக்ஸ் கடைகளிலேயே ஸ்கேன் செய்து தருவார்கள். கேட்கும்போது இரண்டு விஷயத்தைச் சொல்லுங்கள்: 300 டிபிஐ வேண்டும், பிடிஎஃப் வேண்டாம், படமாகவே வேண்டும். சொல்லாவிட்டால் ஆதார் நகல் எடுக்கிற அதே அமைப்பில் கறுப்பு வெள்ளையாக எடுத்துத் தந்துவிடுவார்கள். பென்சில் நிழல் முழுவதும் போய்விடும். பென் டிரைவ் கொண்டுபோங்கள். கடை வாட்சப்புக்கு வந்து அங்கிருந்து உங்களுக்கு வந்தால் படம் பாதியாகச் சுருங்கியிருக்கும். கைபேசியில் எடுப்பதானால் மொட்டை மாடியில் வெயில் நேராக விழாத நேரத்தில், தாளுக்கு நேர் மேலிருந்து எடுங்கள். வீட்டுக்குள் டியூப் லைட் அடியில் எடுத்தால் உங்கள் தலை நிழல் தாளில் விழும்.

2. படம் எடுக்கப் போகும் இடங்கள்: சீட்டு, தடை, நேரம்

புகைப்படம்தான் உங்கள் பொழுதுபோக்கு என்றால் இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

பத்மநாபபுரம் அரண்மனை தக்கலை பக்கம் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் நிர்வாகத்தில் உள்ளது. திங்கட்கிழமை விடுமுறை. மதியம் இடைவேளை உண்டு. கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால் மரத்தூண்களைக் கூட்டமில்லாமல் எடுக்கலாம். பத்து மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வரத் தொடங்கினால் சட்டகத்துக்குள் தொப்பிகள்தான் இருக்கும்.

சிதறால் மலைக்கோயிலும் வட்டக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. கையில் பிடித்து எடுக்கத் தொந்தரவில்லை. முக்காலி ஊன்றினால் காவலர் வருவார், ஏனென்றால் அதற்கு முன்கூட்டியே துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். பொழுதுபோக்குக்காக அந்தக் கடிதப் போக்குவரத்தில் இறங்காதீர்கள். கைபேசியைக் கல்லில் சாய்த்து வைத்தே எடுத்துவிடலாம்.

விவேகானந்தர் பாறையில் தியான மண்டபத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே சுசீந்திரத்தின் இசைத்தூண்கள் வேண்டும் என்றால் கண்ணால் பார்த்து, வெளியே வந்து வரையுங்கள். வரைகிறவர்களுக்கு இது ஒரு வசதி.

தோவாளை பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் போக வேண்டும். குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் படகு கரை சேரும் நேரத்தை உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் சட்டத்தைவிட மரியாதைதான் முக்கியம். "அக்கா, ஒரு படம் எடுக்கட்டா? நெட்ல போடுவேன்" என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். எடுக்கட்டா என்பதற்குத் தலையாட்டுகிறவர்கள் நெட் என்றதும் வேண்டாம் என்பார்கள். அதுதான் உண்மையான பதில். சிறுவர்கள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் முகம் தெரிய எடுக்கவே எடுக்காதீர்கள்.

ட்ரோன் வைத்திருக்கிறவர்கள் 2021 ட்ரோன் விதிகளையும் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் பார்த்துவிட்டு, அப்புறம் உள்ளூர் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறக்கவிடுங்கள். 250 கிராம் வரையுள்ள நானோ வகையைப் பொழுதுபோக்காகப் பறக்கவிடுகிறவருக்கு விமானி உரிமம் தேவையில்லை. ஆனால் அந்தச் சலுகையைக் காட்டி எங்கு வேண்டுமானாலும் பறக்கவிட முடியாது. கன்னியாகுமரி முனை மாதிரியான இடத்தில் ட்ரோனைப் பார்த்ததும் போலீஸ் வந்து நிற்கும்.

இன்னொன்று, கடல் உப்பு. கரையில் பத்து நிமிடம் நின்றாலே லென்ஸில் மெல்லிய படலம் படிந்துவிடும். படம் மங்கலாக வருகிறதே என்று கைபேசியைக் குறை சொல்வோம். சட்டை நுனியால் துடைத்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்கும் இரண்டுமே நமக்கு மழை தருவதால், ஜூனில் ஒரு முறையும் அக்டோபர் நவம்பரில் ஒரு முறையும் திட்டம் தள்ளிப்போகும். அந்த மாதங்களில் ஸ்கேன் வேலையை வைத்துக்கொள்ளலாம்.

3. எது உங்களுடையது, எது இல்லை

நீங்கள் எடுத்த படத்துக்கும் வரைந்த ஓவியத்துக்கும் பதிப்புரிமை தானாகவே உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. தளம் தொடங்குவதற்குப் பதிப்புரிமைப் பதிவு வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். பிற்காலத்தில் வேண்டுமென்று தோன்றினால் பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஓவியம், எழுத்து போன்றவற்றுக்குப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய். ஆட்சேபணைக்காக 30 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு.

வள்ளுவர் சிலையை வரைந்து போடலாமா என்று பலருக்குச் சந்தேகம். போடலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலைகளையும் கட்டடங்களையும் வரையவும் படம் எடுக்கவும் வெளியிடவும் விடுகிறது. ஆனால் சுவரோவியம் அந்தச் சலுகைக்குள் வராது. ஒரு சுவர் ஓவியத்தை மட்டும் சட்டகம் நிறைய எடுத்து உங்கள் படைப்பு மாதிரி போட்டால் அது வரைந்தவருடைய உரிமையில் கைவைப்பது. தெருக்காட்சியில் அது ஓரமாகத் தெரிவது வேறு.

சினிமாப் பாட்டு விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். இன்ஸ்டாகிராம் ரீலில் பாட்டு சேர்க்க முடிகிறது என்றால் அந்த நிறுவனம் இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் தளத்துக்கு அப்படி ஒப்பந்தம் ஏதுமில்லை. அதே வீடியோவைத் தரவிறக்கி உங்கள் பக்கத்தில் போட்டால் உரிமை கூடவே வந்துவிடாது. நீங்களே கீபோர்டில் வாசித்தாலும் மெட்டு இன்னொருவருடையது. இந்தியாவில் இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டுவரை அவர் உரிமை நிற்கும். பழைய கீர்த்தனைகள், நாட்டுப்பாடல்கள், நீங்களே போட்ட மெட்டு, இவை போதும் ஆரம்பத்துக்கு.

பிடித்த படம், புத்தகம், கேம் என்று ஒரு ரசனைப் பக்கம் வைக்க ஆசை இருக்கும். வையுங்கள், எனக்கும் அதுதான் ஒரு தளத்தில் முதலில் படிக்கிற பக்கம். ஆனால் அடுத்தவர் போஸ்டரைத் தூக்கி ஒட்டாதீர்கள். ஏன் பிடித்தது என்று மூன்று வரி சொந்தமாக எழுதினால் போஸ்டர் தேவையே இல்லை.

உங்கள் படங்களை மற்றவர்கள் பயன்படுத்தலாமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒன்றும் எழுதாவிட்டால் எல்லா உரிமையும் உங்களிடமே இருக்கும். மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுத்தால் பிறகு திரும்பப் பெற முடியாது. விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸுக்கும் படம் தரும் எண்ணம் இருந்தால் 'வணிகம் சாராத' வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அங்கே ஏற்கமாட்டார்கள். நிரல்களுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் பொருந்தாது, எம்ஐடி உரிமம் போன்ற ஒன்றைப் போடுங்கள்.

4. மின்னஞ்சலும் கிட்ஹப் கணக்கும்

தளத்தை இலவசமாக வைக்க, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் கிட்ஹப் பேஜஸ் சேவை போதும். வேறு இடங்களும் உண்டு. ஆனால் நீங்கள் எப்படியும் கிட் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) கற்றுக்கொள்ள வேண்டும் என்பதால் இதையே சொல்கிறேன்.

கல்லூரி மின்னஞ்சலில் கணக்கைத் திறக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் அந்த அஞ்சலை மூடிவிடுவார்கள். கடவுச்சொல் மறந்த அன்று உங்கள் நான்கு வருட வேலைக்குச் சாவி இருக்காது. சொந்த அஞ்சலை முதன்மையாக வையுங்கள், கல்லூரி அஞ்சலை இரண்டாவதாகச் சேருங்கள். மாணவர் சலுகைக்கு அது உதவும்.

பயனர் பெயர்தான் உங்கள் இலவச முகவரியாகவும் ஆகும். பத்தாம் வகுப்பில் வைத்த கேமிங் பெயரை வைத்துவிட்டு, கேம்பஸ் இண்டர்வியூவில் அதை உரக்கப் படிக்கும்போது நெளிய வேண்டாம்.

இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். அப்போது தருகிற மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி மதிப்பெண் சான்றிதழ் ஃபைலில் வையுங்கள். கைபேசி கடலில் விழுந்தாலும் கணக்கு பிழைக்கும். அமைப்புகளில் மின்னஞ்சலை மறைக்கும் வசதி இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு மாற்றப் பதிவிலும் (கமிட்) உங்கள் அஞ்சல் முகவரி உலகத்துக்கே தெரியும்.

5. மாணவர் சலுகை: அட்டை, இனிஷியல், தேதி

கிட்ஹப் மாணவர் தொகுப்பு கிடைத்தால் பல கருவிகள் இலவசம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு ஒரு டொமைனும் அதில் இருக்கும். எந்த நிறுவனம் தருகிறது என்பது அவ்வப்போது மாறும், தொகுப்பின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். இது இல்லாமலும் தளம் ஓடும். ஆனால் உரிமை இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

தேவையான ஆவணம் ஒன்றுதான்: நீங்கள் இப்போது படிக்கிறீர்கள் என்று காட்டும் தேதியிட்ட சான்று. கல்லூரி அடையாள அட்டையே போதும். ஆதார் வேண்டாம், கேட்கவும் மாட்டார்கள். அதை எங்கும் ஏற்றாதீர்கள்.

நம்ம ஊர்க்காரர்கள் விழும் குழி இனிஷியல். அட்டையில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரிலும் வங்கியிலும் அப்பா பெயரை விரித்து இன்னொரு பெயர், கிட்ஹப்பில் வெறும் பெயர். பார்க்கிற இயந்திரத்துக்கு இவர்கள் மூன்று பேர். விண்ணப்பிக்கும்முன் கிட்ஹப் புரொஃபைலிலும், கட்டணத் தகவல் பகுதியிலும் அட்டையில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால். பெயர் ஒன்று, குடும்பப் பெயர் இன்னொன்று என்று இரண்டு கட்டம் கேட்டால் இனிஷியலை இரண்டாவதில் போடுங்கள். அனுமதி வந்தபிறகு புரொஃபைலில் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது தேதி. சில அட்டைகளில் சேர்ந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும், முடியும் ஆண்டு இருக்காது. சிலவற்றில் அது பின்பக்கம் இருக்கும். முடியும் ஆண்டு இல்லையென்றால் போனஃபைட் சான்றிதழ் வாங்குவதே மேல். துறைத் தலைவர் கையெழுத்து, அப்புறம் முதல்வர் அலுவலகம், முத்திரை என்று இரண்டு மூன்று நாள் ஆகும். என் அனுபவத்தில் விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடம்தான் சிக்கல். 'கிட்ஹப்' என்று எழுதினால் அலுவலகத்தில் அது என்ன என்று கேள்வி வரும். 'மாணவர் மென்பொருள் சலுகைக்காக' என்று எழுதுங்கள். சான்றிதழ் ஆங்கிலத்தில், தேதியோடு, கல்லூரிப் பெயர் முழுதாக இருக்கட்டும்.

அட்டையைப் படம் பிடிப்பதும் ஒரு கலைதான். லேமினேஷன் மேல் டியூப் லைட் வெள்ளைக் கோடாக விழும். அந்தக் கோடு சரியாகப் பெயர் மேலேயோ ஆண்டு மேலேயோதான் வந்து உட்காரும். விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, அட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். விரல் எழுத்தை மறைக்கக் கூடாது. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். லேப்டாப் கேமராவில் தெளிவில்லை என்றால் கைபேசி உலாவியில் திறந்து விண்ணப்பியுங்கள்.

இருப்பிடமும் கேட்பார்கள். கல்லூரி வளாகத்துக்குள் இருந்தே விண்ணப்பித்தால் தொந்தரவு இல்லை. மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்து நாகர்கோவில் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் தூரத்தைக் காரணம் காட்டித் திருப்பக்கூடும். விபிஎன் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். நிராகரித்தால் காரணத்தைச் சொல்வார்கள், அதைச் சரிசெய்து மறுபடி போடலாம். அதே அட்டையை அதே வெளிச்சத்தில் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. அனுமதி கிடைத்த பிறகும் சலுகைகள் திறக்கச் சில நாள் ஆகலாம். டொமைனை அன்றைக்கே எதிர்பார்க்காதீர்கள்.

6. டொமைன்: விலை, கார்டு, பதினைந்து நாள்

என் கருத்தைச் சொல்கிறேன்: முதல் மூன்று மாதம் டொமைன் வாங்காதீர்கள். கிட்ஹப் தரும் இலவச முகவரியிலேயே ஓட்டுங்கள். மூன்று மாதம் கழித்தும் தளத்தில் புதிதாக ஏதாவது ஏறிக்கொண்டிருந்தால் அப்போது வாங்கலாம்.

வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். 99 ரூபாய் என்று மின்னும் பெயர் அடுத்த வருடம் ஆயிரத்தைத் தாண்டும். டாட் இன் பெயர்கள் புதுப்பிக்க ஏறக்குறைய 700 முதல் 1000 ரூபாய், டாட் காம் 1000 முதல் 1500 வரை. இவற்றோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி. மாணவர் தொகுப்பில் கிடைக்கும் இலவச டொமைனுக்கும் இது பொருந்தும். இரண்டாம் வருடம் டாலரில் பில் வரும். ஈமெயில், பாதுகாப்பு, தளம் கட்டும் கருவி என்று கூடையில் தானாக ஏறியிருப்பதை எல்லாம் கழற்றிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டாட் காமில் உங்கள் வீட்டு முகவரியையும் கைபேசி எண்ணையும் மறைக்கும் வசதி பெரும்பாலும் இலவசம், அதைப் போடுங்கள். டாட் இன்னுக்கு அந்தச் சேவை கிடையாது. விடுதி மாணவிகள் இதை யோசித்து முடிவெடுங்கள். டாட் இந்தியா என்று தமிழிலேயே முகவரி வாங்கவும் முடியும். பார்க்க அழகு. சில இடங்களில் ஒட்டும்போது அது புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறி விழுவதால், அதை இரண்டாவது முகவரியாக வைப்பதே நல்லது.

இந்திய நிறுவனத்தில் வாங்கினால் யுபிஐ போதும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் கார்டு வேண்டும். 2020 அக்டோபருக்குப் பிறகு வந்த புதிய கார்டுகளில் ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடு இரண்டுமே முடக்கப்பட்ட நிலையில்தான் கைக்கு வரும். வங்கி ஆப்பில் அதைத் திறந்து, வரம்பைச் சிறிதாக வைத்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். 18 வயது நிறையாத முதலாண்டு மாணவர்கள் அப்பா அல்லது அம்மா பெயரில் வாங்கிவிட்டு, வயது வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்கிய உடனே ஒரு அஞ்சல் வரும், உங்கள் மின்னஞ்சலை உறுதிசெய்யச் சொல்லி. டாட் காம் போன்றவற்றுக்கு 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் பெயரை முடக்கிவிடுவார்கள். இது ஸ்பேமில் போய் ஒளிந்துகொள்ளும். தளம் இரண்டு வாரம் ஓடிவிட்டு திடீரென்று நிற்கிறதே என்று கோடில் தேடிக்கொண்டிருப்போம்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிகளால் கார்டில் தானாகப் பணம் எடுப்பது பல நேரம் தோற்றுப்போகும். காலாவதிக்கு ஒரு மாதம் முன்னால் காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள். கெடு தாண்டி மீட்புக் கட்டத்துக்குப் போனால் புதுப்பிப்புத் தொகையைவிடப் பல மடங்கு கேட்பார்கள்.

7. படத்தைச் சுருக்குங்கள், வீட்டு விலாசத்தை அழியுங்கள்

கைபேசிப் படம் ஒன்று 4 முதல் 8 எம்பி. அப்படியே முப்பது போட்டால் பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கிறவர் உங்கள் பக்கத்தைத் திறக்கவே மாட்டார். நீளப் பக்கத்தை 1600 பிக்சலாக்கி, வெப்பி (WebP) வடிவில் 80 தரத்தில் சேமித்தால் சுமார் 300 கேபிக்குள் வந்துவிடும். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி உலாவியிலேயே இதைச் செய்யும்.

அதைவிட முக்கியம், படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ். மாடியில் எடுத்த செம்பருத்திப் படத்தில் உங்கள் வீடு எங்கே என்று துல்லியமாக இருக்கும். எக்சிஃப்டூல் என்ற கருவி கொண்டு இப்படி ஒளிந்திருக்கும் எல்லாத் தகவலையும் நீக்கிவிட்டே ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு நீக்கிப் புதிதாகப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பழைய கோப்பு கிட் வரலாற்றில் அப்படியே இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

அளவு வரம்புகளும் உண்டு. உலாவி வழியாக ஏற்றினால் ஒரு கோப்பு 25 எம்பி வரை, கிட் வழியாக 100 எம்பி வரை. தளம் மொத்தம் 1 ஜிபி. வீடியோவை யூட்யூபில் வைத்து இங்கே இணைத்துக்கொள்ளுங்கள். ஓவியம் விற்கும் கடையாக இதை மாற்ற நினைத்தால் கிட்ஹப் பேஜஸ் அதற்கு அனுமதிக்காது, வேறு இடம் பாருங்கள்.

8. பக்கம் எழுதுதல்

முதல் பதிப்பை வெறும் எச்டிஎம்எல்லில் எழுதுங்கள். பக்கங்களைத் தானாகக் கட்டித் தரும் ஜெக்கில், ஹியூகோ எல்லாம் பிறகு. விண்டோஸில் ஜெக்கிலுக்கு வேண்டிய ரூபி நிறுவுவதிலேயே ஒரு வார இறுதி போய்விடும், ஓவியம் ஒன்றும் ஏறியிருக்காது.

தமிழில் எழுதுவதானால் யூனிகோடில் மட்டும். டிடிபி கடையில் தட்டச்சு செய்து வாங்கிய பழைய எழுத்துருக் கோப்பை ஒட்டினால் குப்பையாகத்தான் வரும், எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், ஹிந்த் மதுரை, முக்தா மலர் இவை இலவச உரிமத்தில் கிடைக்கின்றன. தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று போதும். வரி இடைவெளியை 1.7 அளவில் வையுங்கள். நம் எழுத்துக்கு மேலே வளைவு, கீழே சுழி இருப்பதால் ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளியில் வரிகள் முட்டிக்கொள்ளும். இருபுறமும் சமன் செய்யும் வேலை வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம், நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

பக்கத்தில் கைபேசி எண், ரோல் நம்பர், விடுதி அறை எண் எதுவும் வேண்டாம். தொடர்புக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் திறந்துகொள்ளுங்கள்.

9. ஏற்றுதல், பெயரை இணைத்தல்

விண்டோஸில் வேலை செய்த படம் தளத்தில் மட்டும் தெரியவில்லை என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம்தான். கேமரா தருகிற கோப்பில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருக்கும், நாம் சின்ன எழுத்தில் எழுதியிருப்போம். விண்டோஸ் மன்னிக்கும், கிட்ஹப் மன்னிக்காது. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். கிட்ஹப் பேஜஸ் பின்னணியில் ஜெக்கிலை ஓட்டும், அது அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டர்களைக் கண்டுகொள்ளாது. நோஜெக்கில் என்ற வெற்றுக் கோப்பு, பெயருக்கு முன் புள்ளியோடு, ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

கோப்புகளை கிட்ஹப்புக்கு ஏற்றும்போது (புஷ்) கடவுச்சொல் கேட்டு மறுத்தால் பயப்பட வேண்டாம். 2021 ஆகஸ்டிலிருந்து கணக்கின் கடவுச்சொல் அங்கே செல்லாது, டோக்கன் அல்லது எஸ்எஸ்எச் சாவிதான். கல்லூரி வைஃபையில் எஸ்எஸ்எச் அப்படியே தொங்கி நின்றால் 22ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 443ஆம் போர்ட் வழியாகப் போகும்படி அமைப்பை மாற்றலாம், இல்லையென்றால் கைபேசி ஹாட்ஸ்பாட்.

டொமைன் இருந்தால், அந்தப் பெயர் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பக்கத்தில் நான்கு ஏ ரெக்கார்டுகள்: 185.199.108.153, 185.199.109.153, 185.199.110.153, 185.199.111.153. டபிள்யூடபிள்யூடபிள்யூ முகவரிக்கு சிநேம் (CNAME) ரெக்கார்டில் உங்கள் கிட்ஹப் முகவரி. விற்ற நிறுவனம் தானாகப் போட்டு வைத்திருக்கும் 'பார்க்கிங்' ரெக்கார்டை நீக்க மறக்காதீர்கள், அது இருந்தால் பாதி நேரம் விளம்பரப் பக்கம் வரும். மாற்றம் பரவ ஒரு நாள் வரை ஆகலாம். எச்டிடிபிஎஸ் கட்டாயமாக்கும் பெட்டி அதுவரை சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் இருக்கும். அந்த நேரத்தில் எதையும் மாற்றி மாற்றிப் போட்டால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். போய் ஒரு சாயா குடித்துவிட்டு, முடிந்தால் தூங்கிவிட்டு வாருங்கள்.

10. குடும்ப வாட்சப் குழுவில் போடும் முன்

சுட்டியைப் போட்டதும் சின்னப் படமும் தலைப்பும் தெரிய வேண்டும் என்றால் எச்டிஎம்எல் பக்கத்தின் தலைப்பகுதியில், முன்னோட்டத்தில் என்ன காட்ட வேண்டும் என்று சொல்லும் ஓப்பன் கிராஃப் டேக்குகள் வேண்டும்: தலைப்பு, ஒரு வரி விளக்கம், 1200க்கு 630 அளவில் ஒரு படம். படத்தின் முகவரியை எச்டிடிபிஎஸ்ஸோடு முழுதாக எழுதுங்கள், அதன் எடை 300 கேபிக்குள் இருக்கட்டும். ஒருமுறை படம் இல்லாமல் அனுப்பிவிட்டால் வாட்சப் அதையே கொஞ்ச நாள் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தவறாக வந்தால் திருத்திவிட்டு, சுட்டியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதாவது ஒரு எண்ணும் சேர்த்து அனுப்பினால் அதைப் புது முகவரியாக எடுத்துக்கொண்டு மறுபடி படத்தைத் தேடும்.